கோப்பை வாங்கிய மறு வருடம்

ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஒருவர் ஒரு டஜன் ஹாக்கி மட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வெளிநாடு போனால் எந்த ஊர்ச் சுங்க அதிகாரியும் அவரைச் சந்தேகமில்லாமல் பார்க்கமாட்டார். யாங்கூனிலும் அப்படித்தான். சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தேன். சீருடைக்காரர் ஒரு மட்டையை எடுத்து அதன் வளைந்த நுனியைத் தடவிப் பார்த்தார். "இவ்வளவு பேரையா அடிக்கப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

விளையாட்டுச் சாமான் என்பதை நிரூபிக்கக் கைக்குட்டையைப் பந்தாகச் சுருட்டித் தரையில் போட்டு ஒரு தள்ளு தள்ளிக் காட்டினேன். அது அடுத்த வரிசையில் நின்ற புத்த பிக்குவின் காலடியில் போய் நின்றது. பிக்கு குனிந்து எடுத்து, சிரித்தபடி என்னிடம் கொடுத்தார். அதிகாரி உடனே முத்திரை குத்திவிட்டார். கோயில்களைக் கவனிக்கும் அரசுத் துறை ஒன்றில் செயல் அலுவலராக இருந்து தலை நரைத்தவன் நான். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தாலும், காரியம் நகர ஒரு சாமியார் குறுக்கே வர வேண்டும் என்பது எனக்குப் புதிதல்ல.

மட்டைகள் என் மச்சானுக்கு. என் மனைவியின் அண்ணன் ராமலிங்கம். அறுபதுகளில் அந்தக் குடும்பம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது அவர் மட்டும் வரவில்லை. பிறந்த மண்ணின் பாசம் என்று மாமனார் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். மண் அல்ல, கின் என்ற பெண். அந்தக் கின் அக்காவோடு யாங்கூனில் பசுந்தாங் என்ற பேட்டையில் குடியிருக்கிறார். ஒரு மர ஆலை முதலாளி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஹாக்கி அணிக்கு மேலாளர். போன வருடம் அந்த அணி ஊரின் முதல் பிரிவுக் கோப்பையை வென்றது. இந்த வருடம் மட்டை ஒடிந்துகொண்டே இருக்கிறது, நல்ல மட்டை அங்கே கிடைக்கவில்லை, வரும்போது எடுத்து வாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். வருவதாக நான் சொல்லவே இல்லை. என் மனைவி சொல்லிவிட்டிருந்தாள்.

யாங்கூனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது, எல்லாம் பழைய ஜப்பான் கார்கள். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு விமான நிலையத்திலிருந்து என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் ஒரு முறைகூட "போகலாம்" என்று சொல்லவில்லை. ஆகவே வீட்டுக்குப் போய்ச் சேர நேரமாயிற்று.

பசுந்தாங் வீடு நான்காவது மாடி. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப். பத்திரிகைக்காரர் கிளிப்பில் மாட்டி இழுத்துவிட்டால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் சுருட்டி எடுத்துக்கொள்வார். மட்டைச் சாக்கையும் அப்படியே ஏற்றிவிடலாம் என்று மச்சான் சொன்னார். பாதி உயரத்தில் கயிறு அறுந்தது. கீழே காய்கறி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துப் பர்மியத்தில் நீளமாக ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன்.

"நல்வரவுன்னு சொல்லுது, மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

கின் அக்கா மொஹிங்கா வைத்திருந்தார். மீன் குழம்பில் மிதக்கும் அரிசிச் சேமியா, மேலே வாழைத்தண்டும் பொரித்த பருப்பும். காலையில் தின்னும் பண்டம், எனக்காகச் சாயங்காலம் செய்திருந்தார். நான் இரண்டாவது கிண்ணம் வாங்கும்போதுதான் கவனித்தேன், மச்சான் தட்டில் வெறும் சோறும் பருப்பும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"காப்பா கட்டியிருக்கீங்க?" என்றேன்.

"ஆத்துக்கு அக்கரையில, டாலாவில நம்ம மாரியம்மன் கோயில் பூமிதி. வர்ற ஞாயிறு."

"நீங்க இறங்கறீங்களா?"

"நான் இல்ல. டீம் இறங்குது. மேனேஜர் மீன் தின்னா நல்லாவா இருக்கும்?"

கின் அக்கா கரண்டியோடு வந்து நின்றார். பர்மியர் என்றாலும் மச்சானோடு வாழ்ந்து தமிழ் பேசுவார், வேகமாக, விகுதிகளைப் பற்றிக் கவலைப்படாமல். "டீமா அது? பசி கிடந்து பசி கிடந்து எல்லாம் காத்துல பறக்குது, தம்பி. ஙப்பி இல்லாம பர்மாக்காரன் ஓடுவானா? நீ சொல்லு."

ஙப்பி என்பது ஊறவைத்து அரைத்த மீன் விழுது. அது இல்லாத சாப்பாடு அங்கே சாப்பாடே இல்லை. அணி முழுவதும் அதை விட்டு விரதம் இருக்கிறது என்பதும், விரதம் தொடங்கியபின் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றது என்பதும் அன்று தெரிந்தது. பூமிதிக்கு இரண்டு நாள் கழித்துப் பருவத்தின் கடைசி ஆட்டம். அதில் தோற்றால் பட்டியலில் கடைசி இடம், இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். சமன் செய்தால் போதும், தப்பித்துவிடலாம்.

"கலைச்சா பசங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஆலையில மரம் தூக்கலாம்" என்றார் மச்சான். சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் முக்காலிகள். என் முழங்கால்கள் காதுக்கு அருகே வந்தன. அங்கே பரிமாறுகிறவரைக் கூப்பிட வாயைக் குவித்து முத்தமிடுவது போலச் சத்தம் எழுப்ப வேண்டும். என் வயதில், பொது இடத்தில், முன்பின் தெரியாத ஆணுக்கு. கையை உயர்த்திப் பார்த்தேன், இருமிப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. மச்சான் உதட்டைக் குவித்தார், வந்துவிட்டார்கள்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டிகளில் பர்மா நூடுல்ஸ் தின்ற பழக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒரே பர்மியச் சொல்லை உபயோகித்து "அத்தோ" என்றேன். "எந்த அத்தோ?" என்று திருப்பிக் கேட்டார்கள். அத்தோ என்றால் பிசைந்தது என்றுதான் அர்த்தமாம். இஞ்சியைப் பிசைந்தாலும் அத்தோ, தேயிலையைப் பிசைந்தாலும் அத்தோ. இத்தனை வருடம் நாம் சென்னையில் வினைச்சொல்லைத் தின்றுகொண்டிருக்கிறோம்.

க்யிம்யிண்டைங்கில், ஆற்றோரமாக, படகுத்துறைச் சந்தைக்குப் பின்னால் மைதானம். பேருந்தில் போனோம். பழைய வண்டியில் கதவிருந்த பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கம் வெட்டித் திறந்திருந்தார்கள். நடத்துநர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஊர்ப் பெயர்களைப் பாட, என் செருப்பு ஒன்று நெரிசலில் கழன்று போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் யாரோ அதைத் தலைக்குமேல் கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் சேர்த்தார்கள். சென்னையில் செருப்பு திரும்பி வந்திருக்காது, அறிவுரை வந்திருக்கும்.

மைதானத்தில் சாம்பியன்களைப் பார்த்தேன். பயிற்சியை எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தே செய்துகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. புது மட்டைகளை வாங்கி முகர்ந்து பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், பிறகு மீண்டும் உட்கார்ந்தார்கள். என்னை 'ஸயாஜி' என்று கூப்பிட்டார்கள், பெரிய வாத்தியார் என்று பொருள். பணியில் இருந்தபோது எனக்குக் கிடைத்த பட்டங்களை நினைத்துப் பார்த்து, இதைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோல் காப்பவர் இப்ராஹிம். பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவராம். அவர் கையில் மட்டும் கயிறில்லை.

"நீங்க இறங்கலையா?" என்று கேட்டேன்.

"தீ மிதிக்கலாமான்னு எங்க பள்ளிவாசல் ஹஜரத்துக்கிட்ட கேட்டா என்னைய மிதிப்பாரு, ஸயாஜி. கயிறு கட்டல. மீனை மட்டும் விட்டுட்டேன்."

"ஏன்?"

"இவனுங்க எல்லாம் பச்சத் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கும்போது நான் மட்டும் மீன் தின்னா ஆநாதே."

இந்தச் சொல்லை நான் யாங்கூனில் இருந்தவரை நாள்தோறும் கேட்டேன். பிறர் மனம் சங்கடப்படுமே என்று நமக்கு வரும் கூச்சம், அதுதான் ஆநாதே. கடன் கேட்கவும் ஆநாதே, கொடுக்க மறுக்கவும் ஆநாதே. ஒரு நாடே இதில்தான் ஓடுகிறது. சில சமயம் நிற்கவும் நிற்கிறது.

இந்த விரதம் வந்த கதையைச் சொன்னவர் வலது பக்கம் ஆடும் கோ டுன், பர்மியர். அவர் சொல்ல மச்சான் மொழிபெயர்த்தார். போன வருட இறுதி ஆட்டம், கோல் சமம், முடிகிற நேரத்தில் இவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். அடிக்க வேண்டியவர் கேப்டன் முருகேசன். மட்டையைத் தூக்குவதற்குமுன் டாலா இருக்கும் திசையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பந்து கோலின் பலகையில் போய் மோதிய சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டதாம். எல்லாரும் கட்டிப் பிடித்துக் குதித்து முடித்தபின் முருகேசன் பர்மியத்தில் சொன்னார்: "நாம் தீ மிதிக்கிறோம் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன்." அந்த வருடப் பூமிதி முடிந்து போயிருந்தது. ஆகவே கணக்கு இந்த வருடத்துக்கு வந்தது, பருவத்தின் மிக மோசமான வாரத்தில்.

"உங்களுக்கு இஷ்டமா?" என்று கோ டுன்னைக் கேட்டேன்.

அவர் முருகேசன் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். "எனக்குப் பயம். ஆனால் முருகேசனுக்காக. மற்றவர்கள் எல்லாரும் ஆசையாக இருக்கிறார்கள்."

மற்றவர்களையும் தனித்தனியே விசாரித்தேன். பழைய தொழில், விடவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பயம் என்றும், மற்றவர்கள் ஆசையாக இருப்பதாகவும் சொன்னார்கள். கடைசியில் முருகேசனிடம் போனேன். துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, நல்ல உயரம், கன்னம் ஒட்டியிருந்தது.

"எனக்குப் பயமில்ல, ஸயாஜி. சின்னதுலேர்ந்து பாத்த நெருப்பு. ஆனா இவனுங்க கால் வெந்தா மேட்ச் போச்சு, வேலையும் போச்சு. வேண்டாம்னு சொல்லலாம்னு பாக்குறேன். எல்லாம் ஆசையா கயிறு கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. எப்படிச் சொல்ல?"

"ஆநாதே?"

"ஆமா, ஸயாஜி."

நான் என் பணிக்காலத்தில் இரண்டு சாதியார் ஒரே தேரை இழுக்க மறுத்த வழக்கைப் பார்த்திருக்கிறேன். யாருமே விரும்பாத ஒரு காரியத்தை எல்லாரும் சேர்ந்து மரியாதையாகச் செய்யப் போகிற வழக்கு இதுதான் முதல்.

அடுத்த நாள் டாலாவுக்குப் புறப்பட்டோம், மச்சானும் முருகேசனும் நானும். நேர்ந்துகொண்டதைப் பற்றிப் பூசாரியிடம் முறைப்படி பேசலாம் என்பது என் யோசனை. ஒரு புது மட்டையை அம்மன் பாதத்தில் வைத்து எடுக்க முருகேசன் கொண்டு வந்தார்.

படகில் கோழிக் கூடைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். கனடாவில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்றவராம். மட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தன் ஊரும் ஹாக்கி ஊர்தான், ஆனால் பனிக்கட்டி மேல் ஆடுவது என்றார். வாங்கிய ஐஸ் கரும்புச் சாற்றுக்குள் போவதற்குள் கரைந்துவிடும் நதிக்கு நடுவில் இதைக் கேட்டுக்கொண்டோம். அவர் ஊரின் தொழில்முறை அணி ஒரு முறை சாம்பியன் ஆனதாம்.

"அதற்கு அடுத்த பருவம்?" என்று மச்சான் ஆவலாகக் கேட்டார்.

"பயங்கரம்" என்றார் கனடாக்காரர். "எங்களோடு ஆடும்போது ஒவ்வொரு அணியும் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடியது. எங்கள் பையன்கள் விருந்துக்குப் போய்ப் போய்க் கனத்துவிட்டார்கள். கோல் காப்பவர் கல்யாணம் செய்துகொண்டார். பயிற்சியாளர் பழைய ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டினார், ஒருவரும் புது ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கடைசி இடம்."

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாள் அது தன் வீட்டுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்திருந்தார் போலும். "எங்க டீமும் அதேதான்! படம்கூட அதேதான்! டீக்கடையெல்லாம் மாட்டியிருக்கோம்!" என்றார் தமிழிலேயே. கனடாக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூமிதியைப் பற்றி நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இறங்கும்போது, "தீயில் நடப்பதை மட்டும் எங்கள் பையன்கள் முயற்சி செய்யவில்லை" என்றார்.

டாலா துறையிலிருந்து சைக்கா. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒட்டவைத்த இரட்டை இருக்கை, ஒருவர் முன்னே பார்த்தும் ஒருவர் பின்னே பார்த்தும் உட்கார வேண்டும். நான் பின்னே பார்த்து உட்கார்ந்தேன். போகும் ஊர் தெரியவில்லை, போய்விட்ட ஊர் நன்றாகத் தெரிந்தது. மண் சாலை, நாணல் கூரை வீடுகள், நெல் வயல், நடுவில் திடீரென்று நம் ஊர்க் கோபுரம். குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள், விறகு மலையாகக் கிடந்தது. பூசாரி காளிமுத்து லுங்கியோடும் வாய் நிறைய வெற்றிலையோடும் எங்களை வரவேற்றார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். நேர்ந்துகொண்டதை மாற்ற முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நேர்ந்துகொண்டது என்ன என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். முருகேசனைப் பார்த்து, "அன்னிக்கு மைதானத்துல நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு. ஒரு எழுத்துகூட மாத்தாதே" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆத்தா, இது உள்ள போச்சுன்னா நாம பூக்குழி இறங்குறோம்."

"நாம-வா, நாங்க-வா?"

"நாம."

"நிச்சயமா?"

"ஆத்தா முன்னாடி நின்னு பொய் சொல்வேனா, ஸயாஜி? நாம-ன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

பூசாரி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

பர்மிய மொழியில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். அந்த மொழியிலேயே வளர்ந்த பிள்ளைக்குத் தமிழிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நான் விளக்கினேன்: "நாங்கன்னா, கேக்கறவரை விட்டுட்டு மத்தவங்க. நாமன்னா, கேக்கறவரையும் சேத்து. நீ யார்கிட்ட பேசினே?"

"ஆத்தாகிட்ட."

"ஆத்தாகிட்ட நாம-ன்னா யார் யாரு?"

முருகேசன் யோசித்தார். "நானும்... ஆத்தாவுமா?"

"அவ்வளவுதான். நீயும் அவளும் பூக்குழி இறங்கறதா ஒப்பந்தம். மத்தவங்க பேரே அதுல இல்ல."

மச்சான் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

முருகேசன் அவ்வளவு எளிதாக விடவில்லை. "நான் எல்லாரையும் நெனச்சுத்தான் சொன்னேன். ஆத்தாவுக்கு அது தெரியாதா? அவளும் நூறு வருசமா இங்கதான் இருக்கா. அவளுக்குப் பர்மீஸ் தெரியும், ஸயாஜி."

இது வலுவான ஆட்சேபணை. எங்கள் துறையில் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் ஃபைலை அடுத்த மேசைக்குத் தள்ளியிருப்பேன். "தெரியட்டும்" என்றேன். "நீ பேசினது தமிழ்ல. தமிழ்ல சொன்னதைத் தமிழ்லதான் படிக்கணும். மனசுல இருந்ததையெல்லாம் எடுத்துக்கறதுன்னு ஆரம்பிச்சா எந்தக் கோயில்லயும் நிர்வாகம் நடக்காது."

"அப்ப என் தமிழ் தப்பா?"

"இல்லை. உன் தமிழ் சரி. நீ சொன்னதை உன்னைவிடச் சரியா சொல்லியிருக்கு."

பூசாரிக்கு வேறு சந்தேகம். "அப்ப ஆத்தாவும் எறங்கணும்ல?"

"கரகம் யார் எடுக்கறது?"

"நான்தான். முதல்ல எறங்குறதே கரகம்தான்."

"கரகம்தானே அம்மன்? முதல்ல அவ, அவ பின்னாலேயே முருகேசன், நடுவுல யாரும் வரக் கூடாது. நாம என்கிறது நிறைவேறிடும். மத்தவங்க காப்பை மஞ்சத்தண்ணி தெளிச்சு அவிழ்த்து, அம்மன் பாதத்துல வெச்சுடுங்க. மூணு கோயில்ல நானே நடத்தியிருக்கேன்."

பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சன்னதியில் சூடம் ஏற்றினார். அம்மன் தலையிலிருந்த ஒரு செவ்வந்தி தானாக வழுக்கி விழுந்தது. என் அனுபவத்தில் மாலை சரியாகக் கட்டாவிட்டால் பூ விழும். ஆனால் முருகேசன் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் காலில் விழ வந்தார். நான் தப்பித்துச் சைக்காவில் ஏறினேன், இந்த முறை முன்னே பார்த்து.

தீர்ப்பு சொல்வது சுலபம், அமல்படுத்துவதில்தான் எல்லாம் நிற்கும். மறுநாள் க்யிம்யிண்டைங்கில் பூசாரி தாம்பாளத்தோடு வந்து மைதானத்து ஓரமாக உட்கார்ந்தார். மச்சான் பர்மியத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். யாரும் அசையவில்லை. கோ டுன் தனக்கு ஒன்றும் சிரமமில்லை, மற்றவர்கள் வேண்டுமானால் அவிழ்க்கட்டும் என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். முருகேசன் கெஞ்சினார். முருகேசன் தனியாக நடப்பதை நினைத்தால் ஆநாதே என்று பதில் வந்தது.

அப்போது கின் அக்கா சந்தையிலிருந்து இரண்டு பேரை வைத்து ஒரு பெரிய மொஹிங்காப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, காற்று வீசும் பக்கமாகப் பார்த்து இறக்கினார். மூடியைத் திறந்தார். கிண்ணங்களை வரிசையாக வைத்தார்.

முதலில் எழுந்தவர் இப்ராஹிம். அவருக்கு அவிழ்க்கக் கயிறே இல்லை. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முருகேசன் முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினார்.

"திங்கிறான் பாரு!" என்றார் முருகேசன்.

"நீதானடா திங்கச் சொன்ன?"

"சத்தம் போடாம தின்னுடா, எருமை."

அவ்வளவுதான், கோ டுன் பூசாரியிடம் ஓடினார். பின்னாலேயே எல்லாரும். பூசாரி மந்திரத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியாதபடி கைகள் நீண்டன. அன்று பிற்பகல் அந்த அணி ஓடியதை நான் பார்த்தேன். பந்து எங்கே போகும் என்று பந்துக்குமுன் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முருகேசன் மட்டும் வேப்பமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டு, எல்லாரையும் திட்டிக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாலாவில் தமிழரைவிடப் பர்மியர் அதிகம் இருந்தார்கள். முகத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் மஞ்சள் புடவை கட்டிப் பூக்குழி இறங்க வரிசையில் நின்றார்கள். புத்தர் வீட்டுக்கு, ஆத்தா அவசரத்துக்கு என்று ஒரு பெண்மணி எனக்கு விளக்கம் சொன்னார். அணி முழுவதும் வந்திருந்தது, மீன் சாப்பிட்டவர்கள் என்பதால் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றது. இப்ராஹிம் முருகேசனின் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரகம் இறங்கியது. அதன் பின்னாலேயே முருகேசன். நான் எத்தனையோ பூமிதிகளுக்குப் பந்தல் அனுமதியும் தீயணைப்பு வண்டியும் ஏற்பாடு செய்தவன். அந்த நேரத்தில் எப்போதும் உண்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குத்தான் நடக்கிறவரைப் பார்த்தேன். அவர் ஓடவில்லை. கூட ஒருவர் பேசிக்கொண்டு வருவது போலத் தலையைச் சற்றுச் சாய்த்தபடி நடந்து, பால் குழியில் கால் வைத்து நின்றார். மச்சான் கயிற்றைத் தாண்டி ஓடி, அவர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் ஒரு சிறிய கொப்புளம்.

"நெருப்பா?" என்றார் பதறி.

"இது போன வாரத்துது, மாமா. பூட்ஸ் கடிச்சது."

செவ்வாய்க்கிழமை கடைசி ஆட்டம். எதிரணி படகுத்துறைக்காரர்கள், தடித்த ஆட்கள். கனடாக்காரர் சொன்னது சரிதான். போன வருட சாம்பியனைப் பிரிவிலிருந்தே இறக்கிவிடும் வாய்ப்பு, தங்கள் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார்கள். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். மச்சான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இடைவேளைக்குப் பிறகு கோ டுன் வலது ஓரமாகக் காற்றாய்ப் போய் ஒரு பெனால்டி கார்னர் வாங்கித் தந்தார். முருகேசன் வானத்தையும் பார்க்கவில்லை, டாலாவையும் பார்க்கவில்லை. பந்து பலகையில் மோதியது. சமம்.

அப்படியே முடிந்திருக்க வேண்டும். முடிகிற நேரத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கோல் கோட்டில் பந்தைக் காலால் நிறுத்திவிட்டார். பெனால்டி ஸ்ட்ரோக். இப்ராஹிம் தனியாகக் கோலில் நிற்க, மற்றவர்கள் எல்லாரும் தூரக் கோட்டுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். போனார்கள். ஒருவர் வந்து தள்ளுவார், ஒருவர் தடுப்பார், அதற்குப் பெயர்தான் விதி.

அந்தக் கோட்டில் முருகேசன் மட்டையை அக்குளில் இடுக்கினார். கையைக் கூப்பினார். கண்ணை மூடினார். உதடு பிரிந்தது.

"பிடி! பிடி அவனை!" என்று மச்சான் பக்கவாட்டிலிருந்து அலறினார்.

கோ டுன் பாய்ந்து முருகேசன் வாயைப் பொத்தினார். இன்னும் நாலு பேர் மேலே விழுந்தார்கள். ஒருவர் கூப்பிய கையைப் பிரித்தார், ஒருவர் அவர் தலையை டாலா பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் திருப்பினார். தமிழிலும் பர்மியத்திலும் ஒரே கூச்சல். "பேசாதே! ஒரு வார்த்தையும் பேசாதே!" நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சொந்தக் கேப்டனை அடிக்கும் அணிக்கு என்ன அட்டை காட்டுவது என்று யோசித்தார். எனக்குத் தெரிந்து அதற்கு விதி இல்லை.

அமளி அடங்கியதும் விசில். படகுத்துறைக்காரர் பந்தைச் சுண்டினார். இப்ராஹிம் வலப்பக்கம் சரிந்து இடது காலை நீட்டினார். பந்து பேடில் பட்டு மேலே எழும்பி, கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலாகத் தாண்டி, சந்தைக்குள் போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்தது. கடைசிக்கு முந்தின இடம். கோப்பை வாங்கியபோது எப்படிக் குதித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. இதற்குமேல் குதித்திருக்க முடியாது. மச்சானைத் தூக்கினார்கள், கீழே போட்டார்கள், மறுபடியும் தூக்கினார்கள். கின் அக்கா எல்லாரையும் அறைந்துகொண்டே அழுதார்.

இப்ராஹிம் மட்டும் கொண்டாட்டத்தில் சேரவில்லை. பேடும் முகமூடியுமாக நேராக முருகேசனிடம் வந்தார்.

"ஏதாச்சும் வேண்டிக்கிட்டியா?"

"எங்க விட்டானுங்க? வாயைத் தொறக்கலடா. மனசுல நெனைக்கக்கூட இல்ல, மூச்சு முட்டிப் போச்சு."

"சத்தியமா?"

"ஆத்தா மேல."

இப்ராஹிம் கோ டுன்னிடம் போய்க் கேட்டார். புத்தரிடம் எதுவும்? இல்லை, முருகேசன் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததில் நேரமில்லை. மச்சானிடம் கேட்டார். அவர் கத்திக்கொண்டிருந்தார். கின் அக்காவிடம் கேட்டார். பயத்தில் எல்லாச் சாமி பெயரும் மறந்துபோயிற்றாம். பிறகு என்னிடம் வந்து முகமூடியை மேலே தள்ளினார்.

"ஸயாஜி, நீங்க?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்றேன்.

அவர் திரும்பினார். சந்தைக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் பார்த்தார், தன் இடது காலைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான்தான் தடுத்திருக்கேன்" என்றார்.